நான்கு நோட்டுகளில் ஒரே 0.6666: இணையக் கால்குலேட்டர் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

சேலம் அஸ்தம்பட்டி பக்கத்தில் ஒரு மாடி அறையில், வார இறுதி நாட்களில் பொறியியல் கணக்கு சொல்லிக்கொடுத்து வருகிறேன். ஒரு பருவத்தில் அந்த அறையில் நடந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். ஏழு மாணவர்கள். ஐந்து பேர் சிவில், இரண்டு பேர் மெக்கானிக்கல். ஏழு பேருக்கும் எண்முறைகள் பாடத்தில் அரியர். பெயர், கல்லூரி எதையும் சொல்லப்போவதில்லை. எழுதட்டுமா என்று அவர்களிடம் கேட்டேன், சம்மதித்தார்கள்.

நேரடியாகத் தீர்க்க முடியாத சமன்பாடுகளுக்குப் படிப்படியாக நெருங்கிப்போய் விடை காண்பதுதான் இந்தப் பாடம். அதில் நியூட்டன்-ராப்சன் முறை கட்டாயம் வரும். ஒரு தொடக்க மதிப்பை எடுத்துக்கொண்டு, அந்த இடத்தில் சார்பின் (சமன்பாட்டை ஒரே பக்கத்தில் திரட்டி எழுதியதன்) மதிப்பை வகைக்கெழுவால், அதாவது அது மாறும் வேகத்தால், வகுத்துத் தொடக்க மதிப்பிலிருந்து கழிக்க வேண்டும். வந்த எண்ணை வைத்து மறுபடியும் அதையே செய்ய வேண்டும். எண் மாறாமல் நின்றுவிட்டால் அதுதான் மூலம், அதாவது சமன்பாட்டுக்குப் பொருந்தும் விடை. ஒரு கணக்கு முடிவதற்குள் காஸ், சைன், அடுக்கு என்று பத்துப் பன்னிரண்டு தடவையாவது கால்குலேட்டரைத் தட்ட வேண்டியிருக்கும்.

பரீட்சை ஹாலுக்குள் புரோகிராம் செய்ய முடியாத கையடக்கக் கால்குலேட்டருக்கு மட்டும்தான் அனுமதி. அது சொந்தமாக இருந்தது மூன்று பேரிடம்தான். நல்லதாக ஒன்று வாங்க ஆயிரம் ரூபாய்க்கு மேல் ஆகும். மற்ற நான்கு பேரும் பரீட்சைக்கு முந்தின நாள் சீனியர்களிடம் இரவல் வாங்கிக்கொள்வார்கள். வீட்டுப் பயிற்சிக்குக் கைபேசிதான். அவர்களில் ஒருவர் ஓர் இணைய அறிவியல் கால்குலேட்டரின் இணைப்பை வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தார். பட்டன்கள் பெரியவை, முன்பு போட்ட கணக்கெல்லாம் கீழே வரிசையாகத் தெரியும். மூன்று பேர் அதையே பிடித்துக்கொண்டார்கள்.

அந்த மூவரில் ஒருவர் ஏற்காட்டிலிருந்து பஸ்ஸில் இறங்கி வரும் மாணவி. அப்பாவுக்குக் காபி எஸ்டேட்டில் வேலை. வீட்டுப் பக்கம் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும். "ஒரு தடவை பேஜ் திறந்துட்டா போதும் சார், அப்புறம் சிக்னல் போனாலும் வேலை செய்யுது" என்றார். சரிதான். இப்படிப்பட்ட பக்கங்கள் பலவும் கணக்கை எங்கோ இருக்கும் கணினிக்கு அனுப்புவதில்லை, கைபேசியின் பிரவுசருக்குள்ளேயே போட்டுவிடுகின்றன. அவருக்கு அது பெரிய உதவியாக இருந்தது. நானும் தடுக்கவில்லை. ஆனால் அந்தப் பக்கத்தை ஒரு தடவைகூட நான் திறந்து பார்த்திருக்கவில்லை.

கண்ணில் பட்டது

ஒரு சனிக்கிழமை வீட்டுக் கணக்கு நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். கணக்கு, பல வருடங்களாகப் பரீட்சையில் வந்துகொண்டிருக்கும் பழைய கணக்கு: 3எக்ஸ் = காஸ் எக்ஸ் + 1 என்ற சமன்பாட்டின் மூலத்தைக் காண வேண்டும். விடை 0.6071.

இரண்டு நோட்டில் 0.6071 இருந்தது. ஒருவர் கணக்கே போடவில்லை. மீதி நான்கு நோட்டிலும் 0.6666.

ஒரே தப்பு நான்கு நோட்டில் வந்தால் எந்த வாத்தியாருக்கும் தோன்றுவதுதான் எனக்கும் தோன்றியது. "யாரைப் பார்த்து யார் எழுதினீங்க?" என்று கேட்டுவிட்டேன். குரலும் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. ஏற்காட்டு மாணவிதான் பதில் சொன்னார்: "சார், நான் நேத்து ராத்திரி வீட்ல தனியா உட்கார்ந்து போட்டேன். வேணும்னா ஸ்டெப்பைப் பாருங்க சார்."

பார்த்தேன். அவர் 0விலிருந்து தொடங்கியிருந்தார். இன்னொருவர் 0.5, அடுத்தவர் 0.6, நான்காமவர் 1. பார்த்து எழுதியவர்கள் தொடக்க மதிப்பை மாற்றிக்கொள்ள மாட்டார்கள். ஒவ்வொருவரும் வேறு வேறு இடத்திலிருந்து புறப்பட்டு, வேறு வேறு படிகள் வழியாக ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தார்கள். 1இல் தொடங்கியவரின் படிகள் 0.6685, 0.6667, 0.6666. 0.6இல் தொடங்கியவருக்கு 0.6664, 0.6666. முறையில் ஒரு பிழையும் இல்லை. வகைக்கெழு 3 + சைன் எக்ஸ் என்று நால்வருமே சரியாக எழுதியிருந்தார்கள். கேட்ட கேள்விக்காக அங்கேயே வருத்தம் தெரிவித்தேன்.

பிழை அகப்பட்டது வகைக்கெழு மதிப்புகளை எழுதும் பத்தியில். 0.6இல் தொடங்கிய மாணவரின் நோட்டில் அந்தப் பத்தி மேலிருந்து கீழே இப்படி இருந்தது: 3.0105, 3.0116, 3.0116. அதே 0.6இல் சரியாகப் போட்டால் முதல் மதிப்பே 3.5646 வர வேண்டும். அதாவது 0.6இன் சைன் 0.5646 ஆக இருக்க வேண்டிய இடத்தில் இவருக்கு 0.0105 வந்திருக்கிறது. அது 0.6 டிகிரியின் சைன். கணக்கு கேட்டதோ 0.6 ரேடியனின் சைன். ரேடியன் என்பது கோணத்தை அளக்கும் இன்னொரு அலகு, டிகிரியைவிட மிகப் பெரியது.

அவருடைய கைபேசியை வாங்கிப் பார்த்தேன். பக்கத்தின் மேல் மூலையில், மற்ற எல்லா எழுத்தையும்விடச் சின்னதாக, டிகிரி என்பதற்கான சுருக்கம் வெளிர் நிறத்தில் இருந்தது. அந்தப் பக்கம் திறக்கும்போதே டிகிரியில்தான் திறக்கிறது. நான்காமவர் இணையப் பக்கத்தைத் தொடவே இல்லை, அவரிடம் சொந்தக் கால்குலேட்டர் இருந்தது. அதிலும் திரையின் மேலே 'டி' என்ற எழுத்து. சர்வேயிங் (நில அளவை) கணக்குக்காக டிகிரியில் வைத்தது அப்படியே கிடந்திருக்கிறது. சரியான விடை கண்ட இருவரில் ஒருவர் கூகுள் தேடல் பெட்டியில் வரும் கால்குலேட்டரில் போட்டவர், அது ரேடியனில் திறந்திருக்கிறது. இன்னொருவரின் கையடக்கக் கால்குலேட்டர் தற்செயலாக 'ஆர்' காட்டிக்கொண்டிருந்தது. ஆக, சரியாகப் போட்ட இருவரும்கூட டிகிரியா ரேடியனா என்ற அமைப்பைப் பார்த்துப் போடவில்லை.

ஏன் யாருக்கும் சந்தேகம் வரவில்லை

இந்த நிகழ்வில் நான் அதிகம் யோசித்தது இதைப் பற்றித்தான்.

டிகிரி-ரேடியன் குழப்பம் புதிதல்ல. பல இடங்களில் அது தானாகவே கத்திக் காட்டிக்கொடுத்துவிடும். 0 முதல் பை வரை சைன் வளைவின் கீழுள்ள பரப்பை, துண்டு துண்டாகப் பிரித்துக் கூட்டும் சிம்ப்சன் விதியில் ஆறு இடைவெளி வைத்துப் போட்டால் 2.0009 வரும், உண்மை விடை 2. டிகிரியில் வைத்துப் போட்டால் 0.0861 வரும். வளைவை ஒரு தடவை வரைந்து பார்த்தவர்கூட இதை நம்ப மாட்டார்.

0.6666 அப்படியில்லை. அதுவும் 0வுக்கும் 1க்கும் நடுவில்தான் இருக்கிறது, 0.6071க்குப் பக்கத்திலேயே இருக்கிறது. படிகள் அழகாக ஒருங்குகின்றன, அதாவது ஒரே எண்ணை நெருங்கி நின்றுவிடுகின்றன. எல்லாவற்றையும்விட மோசம், விடையைச் சமன்பாட்டில் திரும்பப் போட்டுச் சரிபார்த்தாலும் பூஜ்யம்தான் வரும். ஏற்காட்டு மாணவி அப்படிச் சரிபார்த்தே இருந்தார். பக்கத்தின் ஓரத்தில் டிக் போட்டு "சரி" என்றுகூட எழுதியிருந்தார். அதே கருவியில், அதே அமைப்பில் சரிபார்த்தால் தப்பும் தன்னோடு ஒத்துப்போகத்தான் செய்யும். ரேடியனில் வைத்து 0.6666ஐப் போட்டிருந்தால் பூஜ்யத்துக்குப் பதில் 0.214 வந்திருக்கும்.

அப்படியானால் 0.6666 என்பது என்ன? ஒரு டிகிரிக்கும் குறைவான கோணத்துக்குக் காஸ் கிட்டத்தட்ட 1தான். காஸ் இருந்த இடத்தில் 1 வந்து உட்கார்ந்துகொண்டால் சமன்பாடு 3எக்ஸ் = 2 ஆகிவிடுகிறது. விடை மூன்றில் இரண்டு. கல்லூரிக் கணக்கை எட்டாம் வகுப்புக் கணக்காக மாற்றி, அதற்கு ஏறக்குறையத் துல்லியமாக விடை தந்திருக்கிறது கருவி. வகைக்கெழுவும் டிகிரியில் தப்புதான். காஸ் எக்ஸின் வகைக்கெழு மைனஸ் சைன் எக்ஸ் என்பது ரேடியனில் மட்டுமே உண்மை, டிகிரியில் 0.01745 என்ற பெருக்கல் எண் கூடவே வரும். ஆனால் நியூட்டன்-ராப்சன் முறை வகைக்கெழுவில் வரும் சின்னப் பிழையைப் பொறுத்துக்கொண்டு எப்படியும் ஓர் இடத்தில் போய் நின்றுவிடும். எந்த இடம் என்பதைச் சார்பின் மதிப்புதான் தீர்மானிக்கிறது. அந்த மதிப்பே வேறு சமன்பாட்டுடையதாக இருந்தால், வேறு சமன்பாட்டின் மூலத்தில் போய் நிற்கும்.

இது புரிந்ததும் எனக்கு ஒரு பயம் வந்தது. முந்தின வாரத்து நோட்டுகளைத் திருப்பினேன். காஸ் எக்ஸ் என்பது எக்ஸ் பெருக்கல் இ-யின் எக்ஸ் அடுக்குக்குச் சமம் என்ற கணக்கு. விடை 0.5178. அதே நால்வரின் நோட்டில் 0.5671 இருந்தது. காஸுக்குப் பதில் 1 வைத்தால் வரும் விடை அது. நான்கிலும் என்னுடைய சிவப்பு டிக் இருந்தது. சூத்திரம் சரியா, படிகள் ஒருங்குகின்றனவா என்று மட்டும் பார்த்துப் போட்ட டிக். மாணவர்கள் கருவியை நம்பியதைப் போலவே நான் அவர்களின் படிகளை நம்பியிருக்கிறேன். அந்தப் பிழை ஒரு வாரம் பிடிபடாமல் இருந்ததற்கு நான்தான் காரணம்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதலில் தோன்றியது, கைபேசியே வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்பது. சொல்லவில்லை. நான்கு பேருக்கு வேறு வழியில்லை. அதோடு, சொந்தக் கால்குலேட்டர் வைத்திருந்தவரும் அதே குழியில்தான் விழுந்திருந்தார். கருவியைப் பிடுங்கியிருந்தால் தப்பு இணையப் பக்கத்தோடது என்ற எண்ணம்தான் அவர்கள் மனதில் நின்றிருக்கும்.

இரண்டாவது, மதிப்பெண். முறைக்கு முழு மதிப்பெண்ணும் விடைக்குப் பூஜ்யமும் போட்டேன். பரீட்சைத்தாள் திருத்துபவர் இதைவிடக் கடுமையாக இருக்கலாம் என்றும் சொன்னேன்.

மூன்றாவது முடிவுதான் அதிக நேரம் எடுத்தது. "ரேடியனில் வையுங்கள்" என்று ஒரு வரியில் சொல்லி முடித்திருக்கலாம். அப்படிச் சொன்னது பரீட்சை பயத்தில் மறந்துவிடும். ஏன் ரேடியன் என்று புரிய வேண்டும் என்பதற்காக ஒரு முழு வகுப்பை ஒதுக்கினேன்.

எனக்குக் கை கொடுத்தது ஏற்காடு ரோடு. இருபது கொண்டை ஊசி வளைவுகள். எல்லாருமே போய் வந்தவர்கள், ஒருவர் வாராவாரம் ஏறி இறங்குபவர். வளைவின் உள் ஓரத்தை ஒரு வட்டத்தின் பகுதியாகப் போர்டில் வரைந்தேன். நடுப்புள்ளியிலிருந்து ஓரம் வரைக்கும் உள்ள ஆரம் பத்து மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஓரமாகவே பத்து மீட்டர் நடந்தால் எவ்வளவு திரும்பியிருப்போமோ அதுதான் ஒரு ரேடியன், 57.3 டிகிரி. வளைவு முழுக்க, அதாவது அரை வட்டம் திரும்ப 31.4 மீட்டர் நடக்க வேண்டும். நடந்த தூரத்தை ஆரத்தால் வகுத்தால் வருவது ரேடியன். அது தூரத்தைத் தூரத்தால் வகுத்த வெறும் எண். அதனால்தான் 3எக்ஸ் என்ற வெறும் எண்ணோடு காஸ் எக்ஸை ஒரே சமன்பாட்டில் வைக்க முடிகிறது. டிகிரி என்பது வட்டத்தை 360 துண்டாக நாம் வெட்டிக்கொண்டது. முக்கோணத்துக்கும் சர்வேயிங்குக்கும் அது வசதி. வகைக்கெழு, தொகையிடல் என்று வந்துவிட்டால் அங்கே வேலைக்கு ஆகாது.

"அப்போ கேள்வியில டிகிரின்னு குறி இல்லைன்னா ரேடியன்தானா சார்?" என்று ஒருவர் கேட்டார். ஆமாம் என்றேன். அந்தக் கேள்வி அவர்களில் ஒருவர் வாயிலிருந்து வந்ததில் எனக்கு அவ்வளவு நிம்மதி.

நான்காவதாக இரண்டு பழக்கங்களைக் கொண்டுவந்தேன். உட்கார்ந்ததும் முதல் வேலையாக 30க்கு சைன் போட்டுப் பார்க்க வேண்டும். 0.5 வந்தால் டிகிரி, −0.988 வந்தால் ரேடியன். மேல் மூலையில் சின்ன எழுத்தைத் தேடுவதைவிட இது நம்பகமானது, எந்தக் கருவியிலும் செல்லும்.

அடுத்தது, கருவியைத் தொடுவதற்கு முன் தாளில் ஒரு தோராய விடை. போர்டில் செய்து காட்டினேன். காஸின் மதிப்பு மனப்பாடமாகத் தெரிந்த இரண்டு இடங்கள் பை/6, பை/4. முதல் இடத்தில், அதாவது 0.5236இல், காஸ் 0.866. 3எக்ஸ் − 1 என்பது 0.571. காஸ் பெரிது. இரண்டாவது இடத்தில், 0.7854இல், காஸ் 0.707. மற்றது 1.356. இப்போது காஸ் சிறிது. ஆக மூலம் நடுவில் எங்கோ இருக்கிறது. வித்தியாசங்கள் 0.295, 0.649 என்பதால் முதல் இடத்துக்குப் பக்கத்தில். விகிதம் பார்த்துப் பிரித்தால் 0.605. ஒரு பட்டனும் தட்டாமல் கிடைத்த இந்த எண்ணுக்குப் பக்கத்தில் 0.6666ஐ எழுதினேன். யாரும் எதுவும் சொல்லவில்லை. ஏற்காட்டு மாணவி மட்டும் தன் நோட்டைத் திறந்து, ஓரத்தில் எழுதியிருந்த "சரி"யை அடித்தார்.

பிறகு நடந்தது

இரண்டு வாரம் கழித்து எக்ஸ் பெருக்கல் லாக் எக்ஸ் = 1.2 என்ற கணக்கைக் கொடுத்தேன். இங்கே லாக் என்பது 10ஐ அடிமானமாகக் கொண்ட மடக்கை. விடை 2.7406. இந்தக் கணக்கில் கோணமே இல்லை, ஆனால் வேறொரு பொறி இருக்கிறது. லாக் என்று அழுத்தினால் எந்த அடிமானம் என்பதில் எல்லாக் கருவிகளும் ஒன்றல்ல. 100க்கு லாக் போட்டால் கூகுளில் 2 வரும். வுல்ஃப்ரம் ஆல்ஃபா என்ற கணக்குத் தளம் அதையே இயல் மடக்கையாக (2.718 என்ற இ-யை அடிமானமாகக் கொண்டது) எடுத்துக்கொண்டு 4.605 தரும். இரண்டுமே தப்பில்லை, வழக்கம் வேறு. பொறியியல் புத்தகங்கள் 10 அடிமானத்தைப் பின்பற்றுகின்றன, உயர் கணிதத்தில் இயல் மடக்கைதான் சாதாரணம்.

ஏற்காட்டு மாணவி அந்த வாரம் புதிதாக ஒரு தளத்தில் போட்டிருந்தார். 1.8881 வந்திருக்கிறது. நோட்டில் அது அடிக்கப்பட்டிருந்தது. மேலே பென்சிலில் தோராயக் கணக்கு: 2இல் 0.602, 3இல் 1.431, எனவே மூலம் 2க்கும் 3க்கும் நடுவில், சுமார் 2.72. "விடை நடுவுல இல்லையே சார், அப்போ லாக்லதான் ஏதோ இருக்குன்னு 100 போட்டுப் பார்த்தேன்" என்றார். 100 போட்டுப் பார்க்கலாம் என்று நான் சொல்லியிருக்கவே இல்லை. 30க்கு சைன் போடும் பழக்கத்திலிருந்து அவரே கண்டுபிடித்துக்கொண்டது அது.

எல்லாருக்கும் இப்படி அமையவில்லை. ஒரு மெக்கானிக்கல் மாணவர் தோராயத்தைக் கடைசியில் போட்டார், கருவி தந்த விடைக்குப் பொருந்துகிற மாதிரி. இன்னொருவர் தினமும் 30க்கு சைன் போட்டுப் பார்த்தார், ஆனால் 0.5 வந்தாலும் மாற்றாமல் கணக்கைத் தொடங்கிவிட்டார். ஒரு பழக்கத்தைச் சடங்காகச் செய்ய முடியும் என்பதை அங்கே பார்த்தேன்.

இன்னொன்றும் நடந்தது. எக்ஸ் பூஜ்யத்தை நெருங்கும்போது (1 − காஸ் எக்ஸ்) வகுத்தல் எக்ஸ் வர்க்கம் என்பதன் எல்லை மதிப்பு, அதாவது அது நெருங்கிப்போகும் எண், அரை. இதைச் சோதிக்க ஒரு மாணவர், ரேடியனில் சரியாக வைத்துக்கொண்டு, 0.00000001ஐப் போட்டுப் பார்த்தார். இணையப் பக்கம் 0 காட்டியது. குழம்பிப்போய் வந்தார். இப்படிப்பட்ட பக்கங்கள் பெரும்பாலும் ஓர் எண்ணைப் பதினைந்து பதினாறு இலக்கம் வரைக்கும்தான் வைத்துக்கொள்ளும். அவ்வளவு சின்ன எண்ணின் காஸ் 1இலிருந்து பதினேழாவது இலக்கத்தில்தான் விலகுகிறது. அது உதிர்ந்துவிட, 1இலிருந்து 1 போனால் பூஜ்யம். மேல் பகுதியை 2 சைன் வர்க்கம் (எக்ஸ்/2) என்று மாற்றி எழுதிப் போடச் சொன்னேன். 0.5 வந்தது. அமைப்பு சரியாக இருந்தாலும் கணக்கை எந்த வடிவத்தில் கொடுக்கிறோம் என்பதும் விடையை மாற்றும் என்று அவர் அன்றைக்குத் தெரிந்துகொண்டார்.

பரீட்சைக்கு மூன்று வாரம் இருக்கும்போது எல்லாரையும் கையடக்கக் கால்குலேட்டருக்கு மாற்றினேன். இரவல் வாங்குவதைப் பரீட்சைக்கு முந்தின நாள் வரைக்கும் தள்ளிப்போடாமல் அப்போதே வாங்கச் சொன்னேன். ஒவ்வொரு மாடலிலும் அமைப்பை மாற்றும் வழி வேறு. சிலவற்றில் மோட் பட்டனைத் திரும்பத் திரும்ப அழுத்த வேண்டும், சிலவற்றில் ஷிஃப்டோடு சேர்த்து. ரீசெட் செய்தால் பெரும்பாலும் டிகிரிக்கே திரும்பிவிடும். ஹாலில் உட்கார்ந்து இதைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

ஏழு பேரில் ஐந்து பேர் அந்தத் தடவையே அரியரை முடித்தார்கள், ஏற்காட்டு மாணவியும் அதில் ஒருவர். இரண்டு பேர் முடிக்கவில்லை. அதில் ஒருவருக்கு அதே தாளில் வரும் புள்ளியியல் பகுதிதான் கைவிட்டது, அதற்கும் இதற்கும் தொடர்பில்லை. ஐந்து பேர் தேறியதற்கும் இந்தப் பழக்கங்கள் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். கடைசி மூன்று வாரம் நன்றாகவே உழைத்தார்கள்.

இப்போது மாற்றிச் செய்வது

ஒரே தவறான விடை பல நோட்டில் வந்தால், இப்போது முதலில் தொடக்க மதிப்புகளை ஒப்பிட்டுப் பார்க்கிறேன். யாரையும் கேள்வி கேட்பது அதற்குப் பிறகுதான். அன்று நான் கேட்ட கேள்வி அந்த நான்கு பேரையும் புண்படுத்தியது. வருத்தம் தெரிவித்தபோதும் ஒருவர் அன்று முழுக்க முகம் கொடுத்துப் பேசவில்லை.

விடைகளை நான் தனியாக என் கருவியில் போட்டுப் பார்க்காமல் டிக் போடுவதில்லை. மாணவர்கள் எந்தப் பக்கத்தைப் பயன்படுத்துகிறார்களோ அதை நானும் திறந்து, எந்த அமைப்பில் திறக்கிறது, லாக் என்றால் என்ன, அடுக்கை எப்படி எடுத்துக்கொள்கிறது என்று பார்க்கிறேன். அடுக்கு விஷயம் சின்னது என்று விட முடியாது. மைனஸ் 3இன் வர்க்கத்தை அடைப்புக்குறி இல்லாமல் −3^2 என்று எக்செல் தாளில் போட்டால் 9 வரும், பெரும்பாலான கால்குலேட்டர்களில் −9.

தோராயத்தைப் பேனாவில் எழுதச் சொல்கிறேன், கணக்குக்கு மேலே, தேதியோடு. பென்சில் என்றால் பிறகு மாற்றத் தோன்றும்.

இந்தப் பருவத்தின் முதல் வகுப்புக்கு ஒன்பது பேர் வந்திருந்தார்கள். கைபேசியோ கால்குலேட்டரோ, கையில் இருப்பதை எடுத்து 30க்கு சைன் போடச் சொன்னேன். ஆறு பேர் 0.5 என்றார்கள், இரண்டு பேர் −0.988 என்றார்கள். கடைசி பெஞ்சில் ஒரு மாணவர் தயங்கித் தயங்கி 0.454 என்றார். அண்ணனின் பழைய கால்குலேட்டர், செங்கோணத்தை 100 பாகமாகப் பிரிக்கும் கிரேட் அமைப்பில் கிடந்தது. அப்படி ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. சாக்பீஸை எடுத்து, அன்றைய பாடத்தை அந்த எண்ணிலிருந்தே தொடங்கினேன்.